உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல் சொத்தையானால் வலி தூங்கவிடாது. தேள் கொட்டினால் அலறுகிற அலறலில் தெருவே கூடிவிடும். இவையெல்லாம் "வந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிற துன்பங்கள். அதனால் மருந்துக்கு உடனே ஓடுகிறோம்.

வாயே திறக்காத வியாதி ஒன்று உண்டு. அது ஒரு மனிதனின் உடம்பில் பத்து வருஷம் குடியிருக்கும். வலி இராது. காய்ச்சல் இராது. பசி குறையாது. வேலை நடக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று கை கால் விழுந்துவிடும். அல்லது நெஞ்சு அடைத்துவிடும். அப்போதுதான் அது இருந்தது என்பதே வீட்டாருக்குத் தெரியும்.

அதன் பெயர் ரத்தக் கொதிப்பு. "பிரஷர்" என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கிணத்துக்கடவு கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது. பொன்மலை வேலாயுதசாமி கோவிலும் தக்காளிச் சந்தையும் அந்த ஊரின் அடையாளங்கள். சுற்றிலும் தென்னந்தோப்புகள், காய்கறித் தோட்டங்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் கட்டுகிறவர்களும், சந்தையில் பெட்டி சுமக்கிறவர்களும், லாரி ஓட்டுகிறவர்களும் வாழும் ஊர்.

அங்கே உழைத்து உரமேறிய ஒரு மனிதரிடம் போய், "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று சொன்னால் என்ன பதில் வரும்?

"உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு எதுக்குங்க மாத்திரை?"

கேள்வி நியாயமானதுதான். பசித்தவன் சாப்பிடுகிறான், வலித்தவன் மருந்து தின்கிறான். வலியே இல்லாதவன் ஏன் தின்ன வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததால்தான் எத்தனையோ குடும்பங்கள் கெடுகின்றன. கிணத்துக்கடவில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் இதே கதைதான்.

ரத்தம் கொதிக்கிறதா?

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தக் கொதிப்பு என்றதும் ரத்தம் சூடேறிக் கொதிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கோபக்காரருக்குத்தான் அது வரும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. சாந்தமே உருவான பாட்டிக்கும் அது வரும்.

கோவை மாவட்டத்தில் மோட்டார் பம்பைப் பார்க்காதவர் யாரும் இல்லை. மோட்டார் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. குழாய் வழியே அது வயலுக்குப் போகிறது. குழாய் உள்ளே குறுகிப் போனால் என்ன ஆகும்? மோட்டார் அதிகமாக முக்க வேண்டும். குழாயின் மேல் அழுத்தம் ஏறும். தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஒரு நாள் பலவீனமான இடத்தில் குழாய் வெடிக்கும். அல்லது மோட்டார் எரிந்துபோகும்.

நெஞ்சில் இருக்கும் இருதயம்தான் அந்த மோட்டார். ரத்தக் குழாய்கள்தான் அந்தக் குழாய்கள். மூளையில் குழாய் வெடித்தாலும் அடைத்தாலும் பக்கவாதம். இருதயத்தின் குழாய் அடைத்தால் மாரடைப்பு. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்கள் கெட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டும். கண்ணின் குழாய்கள் கெட்டால் பார்வை போகும்.

டாக்டர் சீட்டில் இரண்டு எண்கள் எழுதுகிறார். மேல் எண், இருதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இருதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம். 120க்கு 80 என்பது நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்றே இருந்தால், அது ரத்தக் கொதிப்பு.

ஒரே நாள், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பார்த்த எண்ணைக் கொண்டு பயந்துவிடவும் கூடாது. பல முறை பார்த்த எண்ணை அலட்சியம் செய்யவும் கூடாது.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை

இன்று கிராமத்து ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை, ஒரு காலத்தில் அமெரிக்க ஜனாதிபதிக்கே கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை டாக்டர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186க்கு 108 இருந்தது. இருதயமும் களைத்துப் போயிருந்தது. உலகத்தின் பெரிய படைகளுக்குத் தலைவர் அவர். டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கி வைக்க நல்ல மருந்துதான் உலகத்திலேயே இல்லை. ஓய்வெடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று சொன்னார்கள். இருதயத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை.

1945 ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஓவியர் ஒருவர் தம்மை வரைவதற்காக ரூஸ்வெல்ட் உட்கார்ந்திருந்தார். தலை பயங்கரமாக வலிப்பதாகச் சொன்னார். நினைவிழந்தார். அப்போது ரத்த அழுத்தம் 300க்கு 190. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அன்றே காலமானார். வயது 63.

மாத்திரையைக் குப்பையில் போட நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் ரூஸ்வெல்ட்டை நினைக்க வேண்டும்.

வழிகாட்டியது இந்திய வேர்

மருந்து தேடிய கதையில் இந்தியாவுக்குப் பெருமையான பங்கு உண்டு.

சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் பழங்காலம் முதல் பயன்படுத்தி வந்தார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் இறங்கியது. 1949இல் அதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். உலகத்து டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். டாக்டர் வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ஆனால் ரெசர்பின் அதிகமானால் மனச்சோர்வு முதலிய தொந்தரவுகள் வந்தன. அதைவிட நல்ல மருந்துகள் பின்னால் வந்ததால் இன்று அதை டாக்டர்கள் அதிகம் கொடுப்பதில்லை. ஆகையால் வேரைத் தேடித் தாமாகவே இடித்துக் குடிப்பது ஆபத்து.

1950களின் கடைசியில் சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் மாத்திரை வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. எண்ணை இறக்கினால் உயிர் பிழைக்குமா? எண் மட்டும்தான் இறங்குமா?

அமெரிக்காவில் டாக்டர் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் அதைச் சோதித்தார்கள். கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைச் சேர்த்தார்கள். 73 பேருக்கு உண்மையான மாத்திரை. 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவு 1967இல் வெளியாயிற்று. வெறும் மாத்திரை தின்றவர்களிடையே கடுமையான கேடுகள் 27. மருந்து தின்றவர்களிடையே 2.

அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பின் எத்தனையோ சோதனைகள் நடந்துவிட்டன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 123 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2016இல் லான்செட் இதழில் வந்தது. மேல் எண்ணைப் பத்து இறக்கினாலே பக்கவாதம் நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது.

மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். இன்றைய வலிக்காக அல்ல. நாளைக்கு வரவிருக்கும் கேட்டைத் தடுப்பதற்காக.

நூறு பேரில் ஏழு பேர்

மருந்து இருக்கிறது. விலையும் மலிவு. அப்படியானால் நோய் கட்டுக்குள் இருக்க வேண்டுமே?

தமிழ்நாட்டில் 2020இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே.

நூறு நோயாளிகளில் ஏழு பேர்! மற்றவர்களில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மாத்திரை சாப்பிடுவதில்லை. இன்னும் சிலர் சாப்பிடுகிறார்கள். நாலு நாள் சாப்பிட்டு நாலு நாள் விடுகிறார்கள்.

உலகமும் இதில் பெரிதாகத் தேறிவிடவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேருக்குப் போதுமான சிகிச்சை கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

கூலிக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசை என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இதை உணர்ந்து, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழக அரசு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. மாத்திரை வாசலுக்கு வரும் வழி பிறந்தது. வாசலிலிருந்து வாய்க்குப் போவது வீட்டார் கையில் இருக்கிறது.

சாக்குகளும் பதில்களும்

"பிரஷர் இறங்கிவிட்டது. இனி மாத்திரை வேண்டாம்." மிகப் பெரிய தவறு இதுதான். அழுத்தம் இறங்கியது நோய் ஓடிவிட்டதால் அல்ல. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருப்பதால். ஆட்டைக் கட்டிய கயிற்றை, "ஆடுதான் மேயப் போகவில்லையே" என்று அவிழ்த்துவிட்டால் வெள்ளாமை என்ன ஆகும்? எடை குறைந்து, உப்புக் குறைந்து, அழுத்தம் நன்றாக இறங்கியவர்களுக்கு டாக்டரே அளவைக் குறைப்பது உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிட அதிகமாக ஏறவும் கூடும்.

"ஒரு தடவை ஆரம்பித்தால் விட முடியாது." மாத்திரை பழக்கமாகிவிடுவதால் அல்ல, நோய் நீடிப்பதால்தான் தொடர வேண்டியிருக்கிறது. கண்ணாடி போட்டவர் தினமும் போடுகிறார். கண்ணாடிக்கு அவர் அடிமை என்று யாராவது சொல்வார்களா?

"மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெட்டுவிடும்." உண்மை இதற்கு நேர்மாறு. சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத ரத்தக் கொதிப்பு. அதைக் காப்பது மாத்திரை. ஆனால் மூட்டு வலி, இடுப்பு வலி என்று கடையில் தாமாக வாங்கித் தின்னும் வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டை தூக்குகிறவர்களும் தோட்ட வேலை செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

"தலை சுற்றினால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வேன்." தலைச்சுற்றலுக்கு நூறு காரணம் உண்டு. அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போதும் தலை சுற்றாமல் இருப்பவர்களே அதிகம். தலையைக் கேட்டு மாத்திரை போடக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்கும் பிரஷர்தான். அவர் மாத்திரையையே வாங்கிக்கொண்டேன்." வயது, சர்க்கரை, சிறுநீரகம், ஆஸ்துமா எல்லாவற்றையும் பார்த்துத்தான் மாத்திரை. ஒருவருக்கு அமிர்தம் இன்னொருவருக்கு விஷமாகலாம். கர்ப்பிணிகளுக்கு எனாலப்ரில், டெல்மிசார்டன் போன்றவை கூடவே கூடாது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தொந்தரவு வந்தால் சொல்ல வேண்டும்

மாத்திரைகளுக்குப் பக்க விளைவுகள் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். சிறுநீர் போக்கும் மாத்திரையால் அடிக்கடி எழுந்து போக வேண்டிவரும். உடம்பின் உப்புச் சத்துகள் மாறவும் கூடும். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டும்.

இப்படி ஏதாவது வந்தால் பலரும் மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, டாக்டரிடம் "சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை நம்பி அளவைக் கூட்டுகிறார். இதனால் நஷ்டம் யாருக்கு? தொந்தரவைச் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று இருக்கிறது.

ஒரு மாத்திரையில் அழுத்தம் அடங்காமல் இரண்டு, மூன்று கொடுத்தால் "வியாதி முற்றிவிட்டது" என்று கலங்கவும் வேண்டாம். பலருக்கு இரண்டு மாத்திரை தேவைப்படுவது சகஜம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரைக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பல் துலக்கும் நேரமோ, காப்பி குடிக்கும் நேரமோ, எதுவானாலும் தினமும் ஒரே நேரம். மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் வந்துவிட்டால் இரண்டாகச் சேர்த்து விழுங்கக்கூடாது.

டப்பாவில் ஒரு வாரத்து மாத்திரை மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். கோவில் திருவிழா, கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்றால் பையில் முதலில் போக வேண்டியது மாத்திரை.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் உதவலாம். காலண்டரில் ஒவ்வொரு நாளும் மாத்திரை சாப்பிட்டதும் ஒரு கோடு போட்டால் போதும். கோடு இல்லாத நாள் தானே காட்டிக் கொடுக்கும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனாலப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக்கூடாது. பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். நடை, எடைக் குறைப்பு இவையெல்லாம் மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் அல்ல.

அழுத்தம் பார்ப்பதிலும் முறை உண்டு. அதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் அமைதியாகச் சாய்ந்து உட்கார வேண்டும். கால் தரையில் படிய வேண்டும். கை நெஞ்சின் உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக்கூடாது. சட்டையின் மேல் பட்டையைக் கட்டக்கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ மரத்துச் சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதத்தின் அடையாளம். மாரடைப்பானால் நெஞ்சை அழுத்திப் பிசையும், வியர்த்துக் கொட்டும். எதுவானாலும் எண்ணெய் தடவிக்கொண்டோ, பொழுது விடியட்டும் என்றோ காத்திருக்கக்கூடாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். மூளைக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி, முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போடப்படுகிறது. கிணத்துக்கடவிலிருந்து கோவை அதிக தூரமில்லை; ஆனால் வீட்டுத் திண்ணையில் வீணாகும் நேரம் மிகத் தூரம்.

ஊரின் கடமை

இது தனி மனிதர் கவலை மட்டும் அல்ல. சம்பாதிக்கிறவர் படுக்கையில் விழுந்தால் குடும்பமே விழுகிறது. தோட்டம் அடமானம் போகிறது. மனைவி வேலையை விடுகிறாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். தினம் ஒரு மாத்திரையை மிச்சம் பிடித்ததன் விலை அது.

ஆகவே சந்தையிலும், தேங்காய்க் களத்திலும், மில் வாசலிலும் ஒரு நாற்காலியும் ஒரு பரிசோதனைக் கருவியும் இருக்கச் செய்வது பெரிய தர்மம். வேலை தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அரசாங்கமும் தன் பங்கில் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். நோயாளி வரும் நாளில் "மாத்திரை இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற சொல் எந்தச் சுகாதார நிலையத்திலும் கேட்கக்கூடாது. அந்த ஒரு வாரத்தில் விட்ட பழக்கம் திரும்ப வருவது கடினம்.

முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் இருந்தால் மாத்திரையைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று கேட்கும் அப்பாவுக்கு வீட்டார் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "நன்றாகவே இருக்கட்டும் என்றுதான் அப்பா இந்த மாத்திரை."